மெலிந்த உடலும் வலிய உடலும்

“நீங்கள் சைவமா, அசைவமா?” திருமண வீட்டுப் பந்தியில் உட்காரும்போதும், இரயில் பயணத்தில் சாப்பாட்டுக்குச் சொல்லும்போதும் நம்மை முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர் பதிலைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். ஆனால் சென்ற பருவத்தில் எங்கள் மனையியல் வகுப்பில் எழுந்த இதே கேள்வி, அவ்வளவு எளிதில் எங்களை விட்டுப் போகவில்லை.

எங்கள் தோழி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து, “இனி நான் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பாலும் தயிரும்கூடத் தொடமாட்டேன்” என்று அறிவித்தாள். விலங்குகளிடம் அவளுக்குள்ள இரக்கம் ஒரு காரணம். உடல் மெலிய வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். அதை மட்டும் மெல்லிய குரலில் சொன்னாள். வீட்டிலோ இருவேறு தீர்ப்பு. “எலும்பும் தோலுமாய்ப் போய்விடுவாய்” என்று அம்மா கண் கலங்கினார். “இருதயத்துக்கு நல்லதுதானே, விடு” என்றார், மாரடைப்பு வந்து பிழைத்த அப்பா.

“யார் சொல்வது சரி, சிஸ்டர்?” என்று அவள் கேட்டபோது, எங்கள் மனையியல் ஆசிரியை உடனே விடை சொல்லிவிடவில்லை. “ஒரு வாரம் அப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பார்க்காதீர்கள். இருபது ஆண்டு அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பாருங்கள்” என்றார். அன்று முதல் நூலகத்தில் தேடியும், மருத்துவம் அறிந்த பெரியோரைக் கேட்டும் நாங்கள் திரட்டியவற்றை இம்மலரின் வாசகர்களுக்கு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யார் எதை உண்கிறார்கள்?

நம் நாட்டில் சைவம் என்றால் பாலும் மோரும் உண்டு, முட்டை இல்லை. மேல்நாட்டுச் சைவர்களில் பலர் பாலோடு முட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். பால், வெண்ணெய், முட்டை, தேன் என உயிரினங்களிடமிருந்து வரும் எதையும் தொடாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘வீகன்’ என்று பெயர். இச்சொல் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. இக்கட்டுரையில் அவர்களை முழுத் தாவர உணவினர் என்று அழைப்போம். எங்கள் தோழி சேர நினைத்தது இந்த அணியில்தான்.

எப்படிக் கண்டறிந்தார்கள்?

உணவின் பயன் ஒரு நாளில் தெரிவதில்லை. இருதய நாளம் அடைபடவும், எலும்பு தேயவும் பல்லாண்டுகள் ஆகும். அதற்காக மனிதரை ஓர் அறையில் அடைத்து வைத்து இருபது ஆண்டுகள் சோறு போட முடியுமா? ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியைக் கையாண்டார்கள். ஆயிரக்கணக்கான மக்களிடம் அவர்கள் அன்றாடம் உண்பதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர்கள் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். யாருக்கு எந்த நோய் வந்தது, யார் எலும்பு முறிந்து மருத்துவமனைக்குச் சென்றார் என்பதெல்லாம் கணக்கில் ஏறியது.

இவ்வகை ஆராய்ச்சிகளில் இரண்டு பெரும் புகழ் பெற்றவை. முதலாவது, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 1993-ல் தொடங்கியது. இதில் சுமார் 65,000 பேர் சேர்ந்தனர். இரண்டாவது, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார் 2002-ல் தொடங்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு சபையினர் சுமார் 96,000 பேர் இதில் சேர்ந்தனர்.

ஏன் அந்தச் சபையினரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுவாக இறைச்சியை விட்டவர்களில் பலர் புகைப்பதையும் குடிப்பதையும் விட்டவர்களாக இருப்பார்கள்; காலையில் எழுந்து நடப்பவர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் நலமாக இருந்தால், அந்தப் புகழ் கீரைக்கா, நடைக்கா, புகையாமைக்கா? அட்வெண்டிஸ்டு சபையில் புகையும் மதுவும் எல்லோருக்கும் விலக்கு. ஆனால் உணவில் மட்டும் இறைச்சி உண்போரும் உண்டு, உண்ணாதோரும் உண்டு. எனவே உணவின் பலனைத் தனியே பிரித்துப் பார்ப்பது அங்கே சற்று எளிதாயிற்று.

அப்பா சொன்னது சரிதான்

முதலில் இருதயத்தைப் பார்ப்போம். ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் 48,000 பேரைப் பற்றி 18 ஆண்டுக் கணக்கு 2019-ல் வெளிவந்தது. இறைச்சி உண்போரோடு ஒப்பிட, சைவருக்கு இருதய நாள நோய் நூற்றுக்கு 22 பங்கு குறைவாக இருந்தது. மீன் மட்டும் உண்போருக்கு 13 பங்கு குறைவு.

காரணம் புரியாததல்ல. இறைச்சியின் கொழுப்பும் வெண்ணெயும் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுகின்றன. அது இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்களின் உட்சுவரில் படிந்து, வழியைக் குறுக்குகிறது. பருப்பு, கீரை, பழம், முழுத் தானியம் ஆகியவற்றில் அத்தகைய கொழுப்பு மிகக் குறைவு, நார்ச்சத்து மிகுதி. அந்த நார்ச்சத்து குடலில் கொலஸ்ட்ராலின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது.

நீரிழிவிலும் இவ்வாறே. அட்வெண்டிஸ்டு சபையினரிடையே, இறைச்சி உண்போரில் நூற்றுக்கு 8 பேர் அளவில் நீரிழிவு இருந்தது. முழுத் தாவர உணவினரில் நூற்றுக்கு 3 பேர் அளவில்தான் இருந்தது.

ஆனால் அதே ஆக்ஸ்போர்டுக் கணக்கில் எதிர்பாராத ஒரு செய்தியும் இருந்தது. சைவருக்குப் பக்கவாதம் நூற்றுக்கு 20 பங்கு கூடுதலாகக் காணப்பட்டது. அதிலும் மூளையில் இரத்தம் கசிவதால் வரும் பக்கவாதமே மிகுதி. விழுக்காட்டைக் கேட்டு அஞ்சிவிடக் கூடாது. ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்தால், சைவரிடையே இருதய நாள நோய் 10 பேருக்குக் குறையும். பக்கவாதம் 3 பேருக்குக் கூடும். இதுவே அந்தக் கணக்கின் பொருள். தைவான் நாட்டுப் பௌத்தர்களிடையே நடந்து 2020-ல் வெளியான ஆராய்ச்சியிலோ, சைவருக்குப் பக்கவாதமும் குறைவாகவே இருந்தது.

ஆயுள் கூடுமா? அட்வெண்டிஸ்டு சபையினரில் 73,000 பேரைப் பற்றி 2013-ல் வெளியான கணக்கின்படி, சைவ வகையினரின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 12 பங்கு குறைவு. இங்கிலாந்திலோ, உடல்நலத்தில் அக்கறையுள்ள இறைச்சி உண்போருக்கும் சைவருக்கும் மொத்த இறப்பில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆக, சைவ உணவு இருதயத்துக்கு நல்ல நண்பன். சாகாவரம் தரும் அமுதம் அல்ல.

எடை குறையுமா?

இனி, எங்கள் தோழி மெல்லிய குரலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

உயரத்துக்கேற்ற எடை உள்ளதா என்று அறிய ஒரு கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் மீட்டர் அளவால் இருமுறை வகுக்க வேண்டும். 50 கிலோ எடையும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள பெண்ணுக்கு விடை 22. இதை உடல் நிறை எண் என்கிறார்கள். இந்திய மக்களில் வயது வந்தவர்களுக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் மெலிவு. 23-ஐத் தொட்டால் எடை மிகுதி.

ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியில் இறைச்சி உண்ட பெண்களின் சராசரி 23.5, முழுத் தாவர உணவுப் பெண்களின் சராசரி 22. அதாவது 1.6 மீட்டர் உயரமுள்ள இரு பெண்களிடையே ஏறக்குறைய 4 கிலோ வேறுபாடு. அமெரிக்க அட்வெண்டிஸ்டு சபையினரிடையே இந்த இடைவெளி இன்னும் பெரிது: 28.8-ம் 23.6-ம். அதே உயரத்துக்கு இது 13 கிலோவாகும். பால், முட்டை உண்ணும் சைவர் இரண்டுக்கும் நடுவே நின்றார்கள்.

இதன் காரணத்தை விளக்கும் சோதனை ஒன்று அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் நடந்து 2021-ல் வெளியானது. இருபது பேரை நான்கு வாரங்கள் அங்கேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவு. இரண்டு வாரம் மாவுச்சத்துக் குறைந்த, இறைச்சி மிகுந்த உணவு. எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று அனுமதித்தார்கள். தாவர உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 700 கலோரி குறைவாகவே உண்டார்கள். இரு உணவுக்கும் இடையே பசியில் வேறுபாடு இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. கீரையும் காயும் பருப்பும் வயிற்றை நிரப்பும். ஆனால் கலோரியைக் கொட்டா. இரு உணவிலும் எடை குறைந்தது. ஆயினும் உடலின் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது தாவர உணவின்போதுதான்.

ஆனால் சைவரும் வயதானால் பருக்கவே செய்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியில் ஐந்தாண்டு இடைவெளியில் மீண்டும் எடை பார்த்தபோது, எல்லாப் பிரிவினரும் ஆண்டுக்குச் சுமார் 400 கிராம் வீதம் கூடியிருந்தார்கள். அந்த ஐந்தாண்டுக்குள் இறைச்சியிலிருந்து தாவர உணவின் பக்கம் நகர்ந்தவர்களே மற்றவர்களைவிடக் குறைவாகக் கூடினார்கள்.

தராசு சொல்லாத செய்தி

தராசில் ஏறி நின்றால் அது ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஐம்பது கிலோ பஞ்சும் ஐம்பது கிலோ இரும்பும் தராசுக்கு ஒன்றே.

இதை அழகாக எடுத்துக் காட்டியவர்கள் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் நகரத்து யுட்கின். 2004-ல் இருவரும் தங்களையே அளந்து, தங்கள் படத்தோடு ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை எண்ணும் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9 பங்கு. யாஜ்னிக்கின் உடலில் 21 பங்கு! வெளித்தோற்றத்தில் ஒல்லி, உள்ளே கொழுப்பு மிகுதி, தசை குறைவு. இந்தியர் பலரின் உடலமைப்பு இதுதான் என்று யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். நம்மவர்க்கு இளம் வயதிலேயே நீரிழிவு வருவதற்கு இது ஒரு காரணம். இதற்குச் சைவ உணவுதான் காரணம் என்று நாம் பழி சுமத்த முடியாது. கருவிலேயே தொடங்கும் காரணங்களும் உண்டு. ஆயினும், ‘ஒல்லியாக இருக்கிறேன், ஆகவே நலமாக இருக்கிறேன்’ என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது. மெலிந்த உடல் வேறு. வலிய உடல் வேறு.

அம்மா சொன்னதும் சரிதான்

அம்மா அஞ்சியது எலும்பைப் பற்றி. அந்த அச்சத்திற்கும் ஆதாரம் இருக்கிறது.

ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியில் சுமார் 55,000 பேரின் எலும்பு முறிவுக் கணக்கு 2020-ல் வெளியானது. இறைச்சி உண்போரைவிட முழுத் தாவர உணவினருக்கு எலும்பு முறிவு நூற்றுக்கு 43 பங்கு கூடுதல். இடுப்பெலும்பு முறிவோ இரண்டு மடங்குக்கும் மேல். பால் உண்ணும் சைவருக்கும் இடுப்பெலும்பு முறிவு ஓரளவு கூடுதலாகவே இருந்தது. வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பாட்டிமார்களை நாம் அறிவோம். இது சிறிய விஷயமல்ல.

ஏன் இப்படி? மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். முதலாவது, உடல் எடையே எலும்புக்கு ஒரு பயிற்சி. சுமப்பதனால்தான் எலும்பு வலுக்கிறது. மிகவும் மெலிந்தவருக்கு அப்பயிற்சி குறைவு. விழும்போது தாங்கும் தசையும் குறைவு. இரண்டாவது, பாலை விட்டவர்கள் அதற்கு ஈடான சுண்ணாம்புச் சத்தை வேறெங்கும் தேடிக்கொள்வதில்லை. மூன்றாவது, புரதம் குறைகிறது. அதே ஆராய்ச்சியில் 2007-ல் வெளியான முந்தைய கணக்கில், நாளொன்றுக்கு 525 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து பெற்ற முழுத் தாவர உணவினருக்கு முறிவு கூடுதலாக இல்லை. பிந்தைய நீண்ட கணக்கில், எடையையும் சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் கணக்கில் எடுத்த பின்னும் வேறுபாடு குறைந்ததே தவிர, முழுவதும் மறையவில்லை. ஆகவே எலும்பைப் பற்றிய எச்சரிக்கை வேண்டியதே.

தசைக்குப் புரதம் எங்கே?

‘இறைச்சி தின்னாமல் தசை எப்படி வளரும்?’ என்பது அடுத்த கேள்வி. பிரேசில் நாட்டில் நடந்து 2021-ல் வெளியான சோதனை ஒன்று இதற்கு விடை தருகிறது. முழுத் தாவர உணவு உண்ணும் இளைஞர் 19 பேர்; எல்லாம் உண்ணும் இளைஞர் 19 பேர். இரு அணியினருக்கும் பன்னிரண்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி. முதல் அணிக்குச் சோயாவிலிருந்தும் இரண்டாம் அணிக்குப் பாலிலிருந்தும் எடுத்த புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்து, இருவருக்கும் ஒரே அளவு புரதம் கிடைக்கச் செய்தார்கள். முடிவில் இரு அணியினரின் கால் தசையும் வலிமையும் ஒன்று போலவே வளர்ந்திருந்தன.

ஆகவே புரதம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, போதிய அளவு வந்ததா என்பதும் உடல் உழைத்ததா என்பதுமே முக்கியம். வயது வந்தவருக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 42 கிராம். நூறு கிராம் அரிசியில் 8 கிராம் அளவும், நூறு கிராம் துவரம் பருப்பில் 22 கிராம் அளவும், நிலக்கடலையில் 25 கிராம் அளவும் புரதம் உண்டு. அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் என்ற பொருள் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லியில் உளுந்தையும், பொங்கலில் பாசிப்பருப்பையும் சேர்த்த நம் பாட்டிமார் இந்தப் பெயர்களை அறியாமலேயே இதைச் செய்துவிட்டார்கள்! ஆனால் தட்டு நிறையச் சோறும், மேலே தெளிந்த ரசமும் என்றால் புரதக் கணக்கு நிரம்பாது. கரண்டியில் அடிப்பருப்பு வர வேண்டும்.

தாவரத்தில் இல்லாத ஒன்று

இவ்வளவு கொடையாளியான தாவரம் ஒன்றே ஒன்றை மட்டும் நமக்குத் தருவதில்லை. அது வைட்டமின் பி12. இதைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை, நுண்ணுயிர்களே செய்கின்றன. ஆடு மாடுகளின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வழியே அது இறைச்சிக்கும் பாலுக்கும் வருகிறது. 1948-ல் இது தனியே பிரித்தெடுக்கப்பட்டது. மிகவும் சிக்கலான இதன் அமைப்பை 1956-க்குள் கண்டறிந்து காட்டியவர் டாரதி ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1964-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு இவருக்குக் கிடைத்தது என்பதை, விஞ்ஞானம் படிக்க விரும்பும் நம் பள்ளி மாணவியர் நினைவில் கொள்ள வேண்டும்.

நாளொன்றுக்கு வேண்டிய பி12 ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஆனால் அது இல்லாவிட்டால் இரத்தம் சோகை பிடிக்கும், கை கால் மரத்துப் போகும், நினைவு மங்கும். கல்லீரல் இதைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால், பாலையும் விட்டவருக்கு முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும். எங்கள் ஆசிரியை ஏன் இருபது ஆண்டுக் கணக்கைப் பார்க்கச் சொன்னார் என்பது எங்களுக்கு இங்கேதான் விளங்கிற்று.

இது தாயோடு முடிவதுமில்லை. புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் 1993-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அங்குள்ள தாய்மார் பெரும்பாலும் தாவர உணவையே உண்டவர்கள். பாலும் சிறிதளவே சேர்ந்தது. கர்ப்ப காலத்தில் அவர்கள் இரத்தத்தைச் சோதித்தபோது, மூவரில் இருவருக்குப் பி12 குறைவாக இருந்தது. பிறந்த குழந்தைகளை ஆறு வயதில் சோதித்தார்கள். கீரை, பருப்பில் உள்ள ஃபோலிக் சத்து மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடமே, பின்னாளில் நீரிழிவைக் கொண்டுவரக்கூடிய உடல் மாற்றம் அதிகமாகத் தென்பட்டது. 2008-ல் இம்முடிவு வெளியானது. இன்றைய மாணவி நாளைய தாய். அவள் இன்று இழக்கும் சத்து அவள் ஒருத்தியின் சொத்து மட்டுமல்ல.

பாலும் தயிரும் முட்டையும் நாள்தோறும் உண்போருக்கு ஓரளவு பி12 கிடைத்துவிடும். அவற்றையும் விட்டவர்கள் மாத்திரையாகத்தான் கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. புளித்த மாவையோ பழைய சோற்றையோ இதற்காக நம்பியிருக்க முடியாது. மாத்திரையிலுள்ள பி12-ம் நுண்ணுயிர்களை வளர்த்து எடுப்பதே. ஆதலால் கொல்லாமை நோன்பு காப்போரும் தயங்க வேண்டியதில்லை.

எல்லாச் சைவமும் ஒன்றல்ல

மைதா பரோட்டாவும் சைவம். கேழ்வரகுக் களியும் சைவம். சர்க்கரை மிட்டாயும் தாவரத்திலிருந்து வந்ததே. கொய்யாப் பழமும் தாவரமே. இரண்டும் உடலுக்கு ஒன்றாகுமா?

அமெரிக்காவில் 1976 முதல் பல்லாயிரம் செவிலியர்கள் தங்கள் உணவையும் நலத்தையும் எழுதி அனுப்பி வருகிறார்கள். அவர்களையும் பிற மருத்துவப் பணியாளர்களையும் சேர்த்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கு 2017-ல் வெளியானது. முழுத் தானியம், பழம், காய், பருப்பு, கொட்டை வகை ஆகியவற்றை மிகுதியாகக் கொண்ட தாவர உணவை உண்டோருக்கு இருதய நாள நோய் நூற்றுக்கு 25 பங்கு குறைவு. தீட்டிய மாவு, சர்க்கரை, இனிப்புப் பானம், உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவை மிகுந்த தாவர உணவை உண்டோருக்கோ 32 பங்கு கூடுதல்! மாலை மணி அடித்ததும் பள்ளி வாயிலில் நாம் வாங்கித் தின்னும் பண்டங்கள் எந்தப் பட்டியலில் சேரும் என்பதைத் தோழியர் தாமே யோசித்துக்கொள்ளலாம்.

நம் வீட்டு இலையில்

இத்தனை ஆராய்ச்சிகளிலிருந்தும் நம் வீட்டுச் சமையலறைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பாடங்கள் சில:

1. சோறு குறைந்து பருப்பு, சுண்டல், பயறு கூட வேண்டும். முளை கட்டிய பச்சைப் பயறும் அவித்த கொண்டைக்கடலையும் ஏழை வீட்டுக்கும் எட்டும் புரதம்.

2. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. நூறு மில்லி பாலில் சுமார் 120. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, பால், தயிர் ஆகியவற்றில் சில தினமும் இருக்கட்டும். அசைவ வீடுகளில் முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீனும் இதற்கு உதவும்.

3. கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் காப்பி, தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் பொறுப்போம்.

4. பாலும் முட்டையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுப் பி12 மாத்திரை கொள்ள வேண்டும்.

5. வெயில் படும்படி விளையாட வேண்டும், ஓட வேண்டும், குடம் தூக்க வேண்டும். எலும்பும் தசையும் உண்பதால் மட்டும் வளரா, உழைப்பதாலும் வளரும். பெற்றோர் தங்களுக்கும் இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முடிவாக

நாங்கள் இங்கே கூறிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை வயது வந்தவர்களைப் பற்றியவை. நாமோ வளரும் பருவத்தினர். எலும்பின் சேமிப்பில் பெரும் பகுதி இருபது வயதையொட்டி நிறைந்துவிடுகிறது. அதன் பின் அந்தச் சேமிப்பை வைத்தே வாழ்நாளை ஓட்ட வேண்டும். ஆகவே மெலிவதற்காகப் பட்டினி கிடப்பதும், அதற்குச் சைவம் என்று பெயர் சூட்டுவதும், நம் பிற்காலத்திடம் இப்போதே கடன் வாங்குவதாகும்.

எங்கள் தோழி என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? இந்தக் குறிப்பேட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டினாள். இறைச்சியையும் மீனையும் அவள் விட்டுவிட்டாள். அது அவள் மனம் சொன்ன வழி. பாலையும் தயிரையும் மட்டும் படிப்பு முடியும்வரை விடுவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். வாரம் மூன்று நாள் அவள் பகலுணவுப் பாத்திரத்தில் சுண்டல் இருக்கிறது. எங்களுக்கும் பங்கு கிடைக்கிறது. மாலையில் வலைப்பந்து அணியில் சேர்ந்திருக்கிறாள். அவள் அப்பாவும் இப்போது கீரையை ஒதுக்குவதில்லையாம். எடை குறைந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சென்ற மாதம் நடந்த விளையாட்டு விழாவில், முன்பெல்லாம் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும் அவள், 400 மீட்டர் ஓட்டத்தை முழுவதும் ஓடி முடித்தாள். பார்வையாளர் வரிசையில் அவள் அம்மாவும் அப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் கேள்விக்கு அதுவே போதிய விடையென்று எங்களுக்குத் தோன்றிற்று.